துவக்குப் பயிற்சி எடுக்கிறன், அன்ரி

துவக்குத் திருத்தும் தொழிலுக்குப் படிக்க வந்தால் முதல் எட்டுக் கிழமை துவக்கைக் கண்ணிலும் காட்ட மாட்டார்கள். ஒரு இரும்புக் கட்டியையும் ஒரு அரத்தையும் கையில் தந்து, தேய் என்று விட்டுவிடுவார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது என் கட்சியாகத்தான் இருப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. மார்க்ஸ் வந்தது. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அதுதான் மோசம். பிறகு காணுகிற அன்ரிமார் எல்லாரும் "அடுத்தது என்ன பிள்ளை?" என்று, வருத்தக்காரரிடம் சுகம் விசாரிப்பது போலக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்குக் கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க ஏலாது. ஆனால் கழற்றின எதையும் திரும்பப் பூட்டுவேன். ஆகவே யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்காமல், கனடாவில், ஸ்காபரோவின் வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸும் ரெயினுமாக ஒன்றேகால் மணித்தியாலம் தள்ளி இருக்கும் ஒரு கொலிஜில் சேர்ந்தேன். வேட்டைக்காரர், பண்ணைக்காரர், போட்டிக்குச் சுடுகிறவர்கள் இவர்களுடைய துவக்குகள் பழுதானால் ஆராவது திருத்தத்தானே வேண்டும். பல் டொக்ரர் மாதிரி ஒரு வேலை என்று அம்மாவிடம் விளக்கினேன். அம்மா சிரிக்கவில்லை.

பிறந்தநாள் ஹோலில் ஒரு சொல்

ரூபி அன்ரி அம்மாவின் உயிர்ச் சிநேகிதி. மன்னார்க்காரி. இருவருக்கும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. நான் பிறந்தபோது அம்மாவுக்கு முதலே என்னைத் தூக்கினது தான்தான் என்று எல்லாரிடமும் சொல்லுவா. செப்டெம்பரில் அவவின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். கொத்து ரொட்டித் தட்டோடு என் மேசைக்கு வந்து, "இப்ப என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்டா. அப்போது என்னுடைய தமிழ் சனிக்கிழமை வகுப்புத் தமிழ். ஆங்கிலத்தில் யோசித்து, சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பேன். கன் என்றால் துவக்கு. ட்ரெயினிங் என்றால் பயிற்சி. மிகத் தெளிவாக, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன்: "துவக்குப் பயிற்சி எடுக்கிறன், அன்ரி."

பயிற்சி என்ற சொல்லை நீச்சலுக்கும் பியானோவுக்கும் பாவிக்கலாம். எங்கள் சனத்திடம் அதைத் துவக்கோடு சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான், அதற்கு நாற்பது வயது: வீட்டுக்குச் சொல்லாமல் இயக்கத்துக்குப் போவது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மேசையில் இருந்த ஐந்து பேரும் சாப்பாட்டை நிறுத்தினார்கள். பலூன் ஊதிக்கொண்டிருந்த அங்கிள் கையை விட்டுவிட்டார், பலூன் கேக்கைச் சுற்றி ஓடிப்போய் விழுந்தது. ரூபி அன்ரி தட்டைக் கீழே வைத்து, என் காதுக்குள் குனிந்து கேட்டா: "எங்கை பிள்ளை? கனடாவிலயோ?"

சாவிக்கொத்து

எங்கள் வகுப்பில் பதினொரு பேர். என் பக்கத்து மேசையில் வேய்ன். முப்பது வருடம் தபால்காரராக இருந்து, ஓய்வு எடுத்து, இரண்டே கிழமையில் அலுத்துப்போய் இங்கே வந்தவர். படிப்பிப்பவர் பெயர் டக். இவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதை நான் வீட்டுத் தமிழில்தான் எழுதப் போகிறேன், வேறு தமிழில் கதைத்தால் எனக்கே சிரிப்பு வரும். வேலை இதுதான்: இரும்புக் கட்டியின் ஆறு முகமும் சரிசதுரமாக வரும்வரை அரத்தால் தேய்க்க வேண்டும். மூலை நேரோ என்று பார்க்கிற 'ட' வடிவ மூலைமட்டத்தை அதில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தால், இடையால் வெளிச்சம் தெரியக் கூடாது. மயிரளவு தெரிந்தாலும் திரும்பத் தேய். அரம் கொஞ்சம் ஊஞ்சல் ஆடினாலும் முகம் வயிறு வைத்துவிடும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் மற்றப் பக்கம் பிழைத்துவிடும்.

மூன்றாம் கிழமை என் பொறுமை முடிந்தது. மத்தியான இடைவேளையில் வெல்டிங் வகுப்புக்குள் போய், அங்கிருந்த கிரைண்டரில் ஐந்து நிமிடத்தில் ஆறு முகத்தையும் மினுக்கிக்கொண்டு வந்தேன். டக் அதைக் கையில் எடுக்கவே இல்லை. தூரத்தில் நின்றபடியே, மூலையில் சூட்டில் கறுத்துப்போன இடத்தை விரலால் காட்டினார். புதுக் கட்டி தருவார் என்று நினைத்தேன். அதிலேயே தொடங்கு என்றார். கறுப்புப் போகத் தேய்த்துத் தேய்த்து அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. வேய்ன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கவலைப்படாதை. இன்னும் ரெண்டு கிழமை தேய்ச்சா சாவிக்கொத்திலை போடலாம்."

பஸ்ஸில் ரகசியம்

ஆங்கிலத்தில் துவக்கு என்ற சொல்லைப் பஸ்ஸில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால், ஒன்பதாம் கிழமை வகுப்புக்கு முதல் துவக்குகள் வர இருந்தபோது, சிநேகிதியோடு போனில் தமிழில் கதைத்தேன். ஸ்காபரோ பஸ்ஸில் தமிழில் ரகசியம் கதைப்பதைப் போல மடைத்தனம் வேறு இல்லை. "நாளைக்கு எங்களுக்கு ரெண்டு துவக்கு வருதடி. ஒண்டு நான் கழட்டுறன், மற்றது வேய்ன் பாக்கிறார்" என்றேன். முன் இருக்கையில் மரக்கறிப் பையோடு இருந்த ஒரு ஐயா மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். பையிலிருந்து அரத்தின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. தன்னுடைய தரிப்பிடம் அது இல்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் மணியை அடித்து எழும்பினார். இறங்குகிற கதவடியில் நின்று, மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்: "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை."

மூன்று வருடமாகத் தெரிந்தவர்கள்

இனித்தான் உண்மையான கஷ்டம். அடுத்த தவணையில் துவக்குகளை நாங்களே கையாள வேண்டும், அதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வர மாதக்கணக்காகும். ஆனால் டிசம்பர் முதலாவது வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை அனுப்பினதைக் காட்டாவிட்டால் அடுத்த தவணையில் எனக்கு இடமில்லை. படிவத்தில் என்னை மூன்று வருடத்துக்கு மேல் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டு ஆட்களை விட வெளி ஆட்கள் நல்லது என்று டக் சொன்னார். வேய்னுக்கு என்னை மூன்று மாதம்தான் தெரியும். என் சிநேகிதிகளின் அம்மாமார் எல்லாரும் ரூபி அன்ரி நடத்துகிற போன் குரூப்பில் இருக்கிறார்கள், ஹோலில் நான் சொன்ன சொல் அங்கே எப்போதோ போய்விட்டது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரிடம் போனேன். அவருக்கு என்னை நல்ல ஞாபகம் இருந்தது, அதுதான் பிரச்சினை.

மிச்சம் இருந்தது குணம் அண்ணை. அவருடைய சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வயதிலிருந்து சனி ஞாயிறு வேலை செய்கிறேன். அங்கே இறைச்சி அரைக்கிற மெஷின் மூன்று தடவை நின்றது, மூன்று தடவையும் நான்தான் ஓடவைத்தேன். அதே கடையில், இன்றைக்குச் செய்த மட்டன் ரோல்ஸா என்று கேட்ட வாடிக்கையாளரிடம், இல்லை, நேற்று என்று சொன்னதும் நான்தான். படிவத்தை நீட்டினேன். "மூண்டு வருஷமா உன்னைத் தெரியும்தான். அதாலைதான் யோசிக்கிறன்" என்றார். ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் வரைக்கும் யோசித்தார். பிறகு கையை வேட்டியில் துடைப்பதுபோல் ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். "பொய் சொல்ல மாட்டாள் எண்டு கேக்கிறவைக்குச் சொல்லுவன். அது உனக்கு நல்லதோ கூடாதோ எனக்குத் தெரியாது."

இடப்பக்கம் சுடுகிற துவக்கு

எட்டாம் கிழமை என் தீப்பெட்டி பாஸானது. ஒன்பதாம் கிழமையிலிருந்து புதன்கிழமைகளில் வெளி ஆட்கள் தங்கள் துவக்குகளைத் துப்புரவாக்கவும் சின்னத் திருத்தங்களுக்கும் கொண்டுவருவார்கள்; டக் பக்கத்தில் நிற்க நாங்கள் வேலை செய்வோம். முதல் ஆள் வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். மான் வேட்டைக்காரர். துவக்கு எப்போதும் இடப்பக்கம் சுடுகிறதாம். நான் குழலைப் பார்த்தேன், நேர். குறி பார்க்கும் இடத்தைப் பார்த்தேன், நேர். ஆணிகள் எல்லாம் இறுக்கம். டக் அதைச் சுட்டுப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய் ஐந்து வெடி வைத்தார். ஐந்தும் நடுவில், ஒரு ரீக் கோப்பையால் மூடக்கூடிய இடத்துக்குள்.

வாடிக்கையாளரின் குறி பிழை என்று ஒருநாளும் சொல்லாதே, கொஞ்சம் சரிப்படுத்தியிருக்கிறோம் என்று சொல் என்று டக் முதல் நாளே படிப்பித்திருந்தார். நான் அந்த மனிதரிடம் சொன்னேன்: "துவக்கிலை ஒரு பிழையும் இல்லை. இடப்பக்கம் போறது நீங்கள்தான்." டக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மனிதரின் கழுத்துச் சிவந்தது. அப்போது அவருக்குப் பின்னால் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி மேசைக்குக் கிட்ட வந்தார். "பதினொரு வருஷம். பதினொரு வருஷமா நான் உதைத்தான் சொல்லுறன்."

ஒரு கொப்பி ஒற்றை

இரண்டாவது கையெழுத்துக்கு ரூபி அன்ரிதான். வேலை முடிந்து அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தா. "அன்ரி, உங்களுக்கு என்னைப் பதினெட்டு வருஷமாத் தெரியும், ஒரு கையெழுத்துத்தான்" என்று குசினி மேசையில் படிவத்தை வைத்தேன். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "உன்ரை கலியாணத்துக்குக் கையெழுத்து வைப்பன் பிள்ளை, உதுக்கு வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டா. கதவு மூடினதும் நான் கத்தத் தொடங்கினேன். இது கனடா, இது ஒரு தொழில், உங்கள் எல்லாருக்கும் என்ன விசரா என்று கேட்டேன். அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நின்றா.

எனக்கு ஒரு மாமா இருந்தவர். படத்தில் பார்த்திருக்கிறேன், சைக்கிளோடு நிற்பார். காலமாகிவிட்டார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் அம்மா சொன்னா. அவருக்குப் பதினெட்டு, அம்மாவுக்குப் பதினொன்று. அம்மாவின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: பயிற்சிக்குப் போறன், தேட வேண்டாம். அவ்வளவுதான், பிறகு அவர் திரும்பி வரவில்லை. அம்மா தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுச் சொன்னா: "நீ அண்டைக்கு ஹோலிலை அந்தச் சொல்லைச் சொல்லேக்கை, நான் சாப்பாட்டுத் தட்டை அப்பிடியே வைச்சிட்டு வெளியிலை போய் நிண்டனான்."

உதுவோ துவக்கு?

அடுத்த நாள் நான் மறுமொழிக்குப் பதிலாகத் தீப்பெட்டியைக் கொண்டுவந்தேன். அதையும் மூலைமட்டத்தையும் குசினி மேசையில் வைத்தேன். "உதுவோ துவக்கு?" என்று அம்மா கேட்டா. உது துவக்கில்லை, எட்டுக் கிழமை தேய்த்த சதுரம் என்றேன். "எட்டுக் கிழமையா உதைத்தான் தேய்ச்சனியோ? சுடுறேல்லையோ?" இன்னும் இல்லை, இனிமேலும் திருத்தினது சரியோ என்று பார்க்கிறதுக்கு மட்டும்தான் என்றேன். அம்மாவிடம் பொய் சொல்ல விருப்பமில்லை, ஒருநாளும் சுட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது பொய்.

அம்மா வாசிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டா. மூலைமட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று ஒருக்காத்தான் காட்டினேன். ஜன்னலுக்குக் கிட்டப் போய், ஒரு கண்ணை மூடி, ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தா. வெளிச்சம் வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தா, அப்போதும் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தா, பள்ளிக்கூட ரிப்போட் வந்த நாட்களில் பார்க்காத ஒரு பார்வை. "கதிரையிலை பத்து நிமிஷம் இராத நீ, எப்பிடியடி உதைத் தேய்ச்சனீ?"

கன்னம்

பனியில் சறுக்கிக்கொண்டே போய்ச் சுடுகிற ஒரு போட்டி இருக்கிறது. அதற்குப் பழகும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்தார். தோளில் வைக்கிற மரம் அவளுக்குப் பெரிது. கன்னத்தைச் சாய்த்தால் குறி தெரியவில்லை, குறியைப் பார்த்தால் கன்னம் அந்தரத்தில். வால்நட் மரத்தில் ஒரு சின்னத் துண்டு செய்து கன்னம் படும் இடத்தில் பொருத்தும் வேலையை டக் எனக்குத் தந்தார். மூன்று நாள். மரம் இரும்பை விடப் பொல்லாதது, கூடத் தேய்த்தால் திரும்ப வராது. கிரைண்டர் இருக்கும் பக்கமே நான் போகவில்லை.

அவள் நிலத்தில் குப்புறப் படுத்து, தோட்டா போடாத துவக்கில் கன்னத்தை வைத்தாள். எழும்பவில்லை. தகப்பன் கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் செய்த ஒரு பொருளை விட்டு ஒருவர் எழும்ப மறுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசியில் எழும்பி, ஒரு தாங்ஸும் சொல்லாமல், என்னை மாதிரியே கேட்டாள்: "உதை ஏன் கடைக்காரர் முதலிலயே செய்யேல்லை?"

கம்மாலை

குணம் அண்ணையின் கடையில் ஒரு அங்கிள் என்னைப் பிடித்து, நீயோ அந்தத் துவக்குப் பிள்ளை என்று கேட்டார். இந்த முறை நான் தயாராக இருந்தேன். பயிற்சி என்ற சொல்லைப் பக்கத்திலும் விடவில்லை. இரும்பு தேய்க்கிறது, மரம் செதுக்குகிறது, பழுது பார்க்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். அங்கிளின் முகம் முதலில் தெளிந்தது, பிறகு இன்னொரு விதமாகச் சுருங்கியது. "அப்ப கம்மாலை வேலையோ? உங்கடை ஆக்களிலை ஆரும் உது செய்யிறேல்லையே" என்றார். எனக்குக் கம்மாலை என்றால் என்னவென்று தெரியாது. இரும்பு அடிக்கிற இடம் என்று குணம் அண்ணை சொன்னார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அரைக்கிற மெஷின் நின்றால் ஆரைக் கூப்பிடுவீர்கள் என்று அங்கிளிடமே கேட்கப் போனேன். குணம் அண்ணை பெட்டியை என் கையில் திணித்தார். "துவக்கெண்டாப் பயம், இரும்பெண்டா வெக்கம். நீ ரோல்ஸைக் கட்டு, பிள்ளை."

வியாழக்கிழமை

படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளி. வியாழன் வரைக்கும் என்னிடம் ஒரு கையெழுத்துத்தான். இடத்தை விடுவதாக டக்குக்கு எழுத வேண்டிய கடிதத்தைக்கூட ரெயினில் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்தால் குசினியில் ரூபி அன்ரி, கோட்டும் கழற்றாமல். அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா. மேசையில் தீப்பெட்டி, மூலைமட்டம், படிவம், பேனை. ரூபி அன்ரியும் ஜன்னலடியில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து முடித்துவிட்டா என்பது தெரிந்தது, மூலைமட்டத்தைத் தலைகீழாக வைத்திருந்தா.

"நீ ஆரையும் சுட மாட்டாய்தானே?" என்று கேட்டா. "தேய்க்கவே நேரம் காணாது, அன்ரி" என்றேன். பேனையை எடுத்தா. படிவத்தில் இருந்த வசனத்தை நான் தமிழில் வாசிக்க வேண்டும் என்றா. இவரிடம் துவக்கு இருப்பதால் ஆருக்கும் ஆபத்து வரும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியாது என்று வாசித்தேன். பேனை நின்றுவிட்டது. ரூபி அன்ரி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தா. அவவுக்கும் அந்தக் கொப்பி ஒற்றையைப் பற்றித் தெரியும். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், என் வாயிலிருந்து ஒன்றும் பிழையாக வந்துவிடக் கூடாது என்று. அம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா: "வை, ரூபி. அண்ணை போறன் எண்டு எழுதி வைச்சிட்டுப் போனவர். இவள் ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு வந்து நிண்டு, சோறு எங்கை எண்டு கேக்கிறாள்."

ஆக, மூன்று மாதத் துவக்குப் பயிற்சியில் நான் இன்னும் ஒரு வெடியும் வைக்கவில்லை, ஆனால் இரண்டு கையெழுத்து விழுத்திவிட்டேன்.